இரண்டு விசாரணைகள்: குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைகள், ஓர் அறிமுகம்

தமிழில் 'விசாரணை' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறுபட்ட செயல்களுக்குப் பயன்படுத்திவருகிறோம். "போலீஸார் அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்" என்று செய்தித்தாளில் படிக்கிறோம். "வழக்கு நேற்று விசாரணைக்கு வந்தது" என்றும் படிக்கிறோம். முதலாவது காவல்துறை நடத்தும் புலன் விசாரணை. அங்கே கேள்வி கேட்பவரும், பதிலை எழுதிக்கொள்பவரும், எழுதியதை வைத்து முடிவெடுப்பவரும் ஒரே தரப்பினர், கதவும் சாத்தியிருக்கும். இரண்டாவது நீதிமன்ற விசாரணை. அங்கே குற்றம் சாட்டும் அரசு ஒரு பக்கமும், குற்றம் சாட்டப்பட்டவர் மறுபக்கமும் நிற்க, எந்தப் பக்கமும் சேராத ஒரு நீதிபதி, யாரும் உள்ளே வந்து பார்க்கக்கூடிய மன்றத்தில் அமர்ந்து, அரசு சொல்வது உண்மைதானா என்று சோதிக்கிறார். முதலாவது விசாரணையை மட்டும் வைத்து எவரையும் தண்டித்துவிடக் கூடாது. இரண்டாவது விசாரணை பெயரளவுக்கு இல்லாமல் உண்மையாகவே நடந்தாக வேண்டும். 'நியாயமான விசாரணைக்கான உரிமை' என்று இந்தியச் சட்டம் பேசுவதன் சாரம் இதுதான்.

இதில் இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். ஒருவர் கைதானவுடனேயே 'குற்றவாளி பிடிபட்டார்' என்று எழுதுவதும் பேசுவதும் நமக்குப் பழகிவிட்டது. தமிழ்நாட்டுக் காவல் நிலைய ஆவணங்களில் அவர் 'எதிரி'. பலர் இருந்தால் முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசை எண் பெறுவார். ஆனால் தீர்ப்பு வரும் நாள்வரை சட்டத்தின் கண்ணில் அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. தான் குற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்கும் கடமை பொதுவாக அவருக்கு இல்லை. அவர்தான் செய்தார் என்பதை, நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு, அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்ற செய்தியைப் படிக்கும்போது, ஏதோ ஓட்டையைக் கண்டுபிடித்துத் தப்பிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அரசு தன் கடமையை முழுமையாகச் செய்து காட்டவில்லை என்பதே அதன் பொருள். காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் தடயவியல் ஆய்வகமும் அரசிடம் இருக்கின்றன. எதிரில் நிற்பவரிடம் பெரும்பாலும் அவருடைய வாய்ச்சொல் மட்டுமே இருக்கிறது. சுமையை வலுவான தோளில் வைத்ததற்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான். போக்சோ, போதைப்பொருள் தடுப்பு போன்ற சில சட்டங்கள் இந்தச் சுமையின் ஒரு பகுதியைக் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் ஏற்றுகின்றன. அவை விதிவிலக்குகள், அங்கும் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும்.

இந்த உரிமைகளுக்கு அடித்தளம் அரசமைப்புச் சட்டத்தின் 20, 21, 22 ஆகிய பிரிவுகளில் இருக்கிறது. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் உடல்சார்ந்த சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது 21ஆம் பிரிவு. அமெரிக்க அரசமைப்பில் உள்ள 'உரிய சட்ட நடைமுறை' என்ற தொடரை இங்கேயும் வைக்க வேண்டும் என்று அரசமைப்பு நிர்ணய சபையில் பலர் வாதாடினார்கள். அந்தத் தொடர் நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் கொடுத்துவிடும் என்று வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் உள்ளிட்டோர் கருதியதால் அது கைவிடப்பட்டது. அதனால் ஏற்பட்ட குறையை ஓரளவு ஈடுசெய்வதற்காக, கைதானவரின் உரிமைகளைத் தனியாக எழுதும் ஒரு பிரிவை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய 22ஆம் பிரிவு.

சொற்களை மாற்றியதன் விளைவு உடனே தெரிந்தது. குற்றம் நிரூபிக்கப்படாமலே ஒருவரை முன்கூட்டி அடைத்துவைக்க வழிசெய்யும் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் சென்னை மாநிலத்தில் சிறைவைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், சட்டமன்றமோ நாடாளுமன்றமோ முறைப்படி இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அதில் சொல்லியிருக்கும் நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்க முடியாது என 1950இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. இந்த நிலை மாற 28 ஆண்டுகள் ஆயின. கடவுச்சீட்டைக் காரணம் சொல்லாமல் பறித்ததை எதிர்த்து மேனகா காந்தி தொடுத்த வழக்கில், நடைமுறை என்று ஒன்று ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதாகவும் அறிவுக்கு ஒத்ததாகவும் இருக்க வேண்டும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் கூறியது. முன்வாசல் வழியாக நுழையவிடாத கருத்தை நீதிமன்றம் பொருள் விளக்கத்தின் வழியாக உள்ளே கொண்டுவந்தது. இனி நாம் பார்க்கப்போகும் உரிமைகளில் பல அந்தத் தீர்ப்புக்குப் பின் வளர்ந்தவை.

முதல் 24 மணி நேரத்திலிருந்து தொடங்கலாம். எதற்காகக் கைது செய்கிறோம் என்பதைக் கைதானவரிடம் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் அவரை நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) நேர்நிறுத்த வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விட வேண்டும். கைது செய்யும் காவலர் பெயர் தெரியும்படி அடையாள வில்லை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பாணையில் சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும், உறவினர் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பனவெல்லாம் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள். கைதுக்கான காரணங்களை எழுத்து மூலமாகவே கொடுக்க வேண்டும் என்று பணமோசடித் தடுப்புச் சட்ட வழக்கொன்றில் 2023இலும், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபாவின்கீழ் வந்த வழக்கொன்றில் 2024இலும் உச்ச நீதிமன்றம் கூறி, அப்படிக் கொடுக்காத கைதுகளைச் செல்லாதவை என அறிவித்தது.

நடுவரிடம் நேர்நிறுத்துவதை நம் ஊரில் 'ரிமாண்ட்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். நீதிமன்றங்களிலும் பல நேரங்களில் அது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. உண்மையில் கைதானவர் காவல்துறையைச் சேராத ஓர் அதிகாரியின் முகத்தைப் பார்க்கும் முதல் வாய்ப்பு அது. உடலில் காயம் இருக்கிறதா, அடித்தார்களா, எப்போது பிடித்தார்கள், வழக்கறிஞர் இருக்கிறாரா என்று கேட்கும் கடமை நடுவருக்கு இருக்கிறது. 2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவருமே உயிரிழந்தார்கள். காவல் நிலையத்தில் நடந்ததைப் பற்றி நாடே பேசியது. அந்த ரிமாண்டைப் பற்றியும் அதே அளவு பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தச் சில நிமிடங்களைச் சட்டம் ஏற்படுத்தி வைத்திருப்பதே இப்படிப்பட்ட சாவுகளைத் தடுப்பதற்காகத்தான்.

அடுத்தது, வாய் திறக்காமல் இருக்கும் உரிமை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 20ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. ஒரிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி தொடர்பான 1978ஆம் ஆண்டு வழக்கில், இந்தப் பாதுகாப்பு நீதிமன்றக் கூண்டில் மட்டுமல்ல, காவல் நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனைக்கு எவரையும் உட்படுத்தக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் கூறியதும் இதே அடிப்படையில்தான்.

இதை ஒட்டிய விதி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டோடு அதற்கு நெருங்கிய தொடர்பும் இருக்கிறது. காவல் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாகப் பயன்படுத்த முடியாது. சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. வரி வசூலிப்பதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் மக்களை வதைப்பது பரவலாக இருந்தது என்பதை அது பதிவு செய்தது. விரல்களைக் கோல்களுக்கு இடையில் வைத்து நெரிக்கும் 'கிட்டி'யும், உடலை வளைத்துக் கயிற்றால் பிணைத்து மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் 'அண்ணாந்தாளும்' நம் சொற்களாகவே அந்த ஆங்கில அறிக்கையில் இடம்பெற்றன. அடித்து வாங்கும் வாக்குமூலத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பு இருக்கும்வரை அடி நிற்காது என்பதைப் புரிந்துகொண்ட சட்டம் இயற்றுபவர்கள், அந்த மதிப்பையே எடுத்துவிட்டார்கள். 1861ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தில் வந்த இந்த விதி, 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாகி, இப்போது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 'வாக்குமூலத்தின் பேரில் அரிவாள் கைப்பற்றப்பட்டது' என்று செய்திகளில் வருவது இதற்குள்ள சிறிய விதிவிலக்கு: சொன்னதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு நேரடியாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் நீதிமன்றம் பார்க்கலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒருவர் உண்மையிலேயே விரும்பினால், அதை நீதித்துறை நடுவர்தான் பதிவு செய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளும் கட்டாயம் இல்லை, சொன்னால் அது உங்களுக்கு எதிராகவே பயன்படலாம் என்று எச்சரித்த பிறகே அவர் எழுத முடியும்.

இந்த விதியை நீக்கினால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்யும் வாக்குமூலம் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இந்த வழக்கில் பயங்கரவாதக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று கூறிய அதே தீர்ப்பு, தடாவின்கீழ் பெறப்பட்ட வாக்குமூலங்களைக் கொலைக் குற்றத்துக்கான சான்றாக ஏற்றுக்கொண்டு நால்வரின் மரண தண்டனையை உறுதி செய்தது. அந்த நால்வரில் ஒருவர், 19 வயதில் கைதான பேரறிவாளன். வெடிகுண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரிகள் எதற்காகப் பயன்படப்போகின்றன என்பது தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை வாக்குமூலத்தில் தான் எழுதவில்லை என, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013இல் வெளிப்படையாகக் கூறினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தபோது அவர் கைதாகி ஏறத்தாழ 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கொலையில் முன்னாள் பிரதமர் ஒருவரும் வேறு பலரும் உயிரிழந்தார்கள் என்பதை எவரும் சிறிதாக எண்ண முடியாது. ஆனால் கதவு சாத்திய அறையில் ஒருவர் எழுதும் ஒரு வரியும் எழுதாமல் விடும் ஒரு வரியும் ஓர் உயிரை முடிவு செய்துவிட முடியும் என்பதையும் மறுக்க முடியாது.

வழக்கறிஞர் இல்லாவிட்டால் மற்ற எல்லா உரிமைகளும் தாளில்தான் இருக்கும். வசதியில்லாதவருக்கு அரசு தன் செலவில் வழக்கறிஞரை அமர்த்திக் கொடுக்க வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். கேட்டால்தான் கொடுப்போம் என்று அரசு இருந்துவிடவும் முடியாது. கேட்கத் தெரியாததாலேயே வழக்கறிஞர் இல்லாமல் நடந்து முடிந்த விசாரணையில் விதிக்கப்பட்ட தண்டனையை, 1986இல் அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

"இப்படிப்பட்டவனுக்கெல்லாம் வக்கீல் எதற்கு?" என்ற கேள்வியைக் கோபத்தில் நல்லவர்களும் கேட்பதுண்டு. மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாபுக்காக வாதாட வழக்கறிஞர்கள் தயங்கியபோது நாடு முழுவதும் இக்கேள்வி எழுந்தது. அவருக்கும் வழக்கறிஞர் அமர்த்தப்பட்டார், சாட்சிகள் குறுக்கு விசாரணை செய்யப்பட்டார்கள், மேல்முறையீடு கேட்கப்பட்டது. அவருடைய மரண தண்டனையை உறுதி செய்த 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே, கைதானவர் முதன்முதலாக நேர்நிறுத்தப்படும்போதே இலவச வழக்கறிஞர் உரிமை பற்றி அவருக்கு எடுத்துச் சொல்வது ஒவ்வொரு நடுவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. கோயம்புத்தூரில் வழக்கறிஞர் சங்கம் ஒன்று, சில காவலர்கள் மீதான வழக்கில் அவர்களுக்காக எவரும் வாதாடக் கூடாது என்று தீர்மானம் போட்டபோது, அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாதவை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியது. காவலர்மீது வழக்கு என்றால் காவலருக்கும் இதே உரிமைதான்.

நீதிமன்ற விசாரணை தொடங்குவதற்கு முன் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஆகியவற்றின் நகல்களைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கட்டணம் இல்லாமல் கொடுக்க வேண்டும். என்ன குற்றச்சாட்டு என்பதை நீதிமன்றம் தெளிவாக வனைந்து, படித்துக் காட்டி விளக்க வேண்டும். சாட்சியம் அவர் முன்னிலையில் பதிவாக வேண்டும். அவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தலைமறைவாகி, அறிவிக்கப்பட்ட குற்றவாளியாக ஆனவரை அவர் இல்லாமலே விசாரிக்கலாம் என்பது புதிய நடைமுறைச் சட்டம் கொண்டுவந்த விலக்கு. இவை அனைத்திலும் உயிர்நாடியானது குறுக்கு விசாரணை. "நான் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால், எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தொலைவிலிருந்து, முன்பகை ஏதும் உண்டா என்று கேட்பதற்கு வாய்ப்பு இல்லாவிட்டால், அந்தச் சாட்சியத்தின் தரத்தை நீதிபதியால்கூட அறிய முடியாது. சாட்சிகள் முடிந்த பிறகு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக வந்துள்ள ஒவ்வொரு செய்தியையும் நீதிபதியே அவரிடம் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும். அப்போது அவர் சத்தியப் பிரமாணம் செய்வதில்லை. மௌனமாக இருந்தாலும் அதற்காகத் தண்டனை இல்லை. ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது, செய்தபோது குற்றமாக இல்லாத செயலைப் பின்னால் வந்த சட்டத்தைக் காட்டித் தண்டிக்கக் கூடாது என்பவற்றை 20ஆம் பிரிவின் மற்ற உட்பிரிவுகள் பார்த்துக்கொள்கின்றன.

நியாயமான விசாரணை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமே உரிய சலுகை அன்று. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு சென்னையில் நடந்துகொண்டிருந்தபோது அவர் மீண்டும் முதல்வரானார். ஏற்கெனவே சாட்சி சொன்னவர்கள் திரும்ப அழைக்கப்பட்டு, அவர்களில் பெரும்பாலானவர்கள் முன்பு சொன்னதை மறுத்துப் பிறழ் சாட்சிகளாக மாறினார்கள். அரசுத் தரப்பு அதைக் கண்டுகொள்ளவில்லை. தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகனின் மனுவை ஏற்று, 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. அரசுத் தரப்பே எதிர்த் தரப்போடு இணைந்துவிட்டால் அங்கே நடப்பது விசாரணையே அன்று. பாதிக்கப்பட்டவருக்கும் பொதுமக்களுக்கும் உண்மை வெளிவர வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு.

நம் நாட்டில் இந்த உரிமை பெரும்பாலும் தோற்பது எந்தத் தீர்ப்பிலும் அல்ல, வாய்தாவில்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். 1979இல் பீகார் சிறைகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில், சாட்டப்பட்ட குற்றத்துக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணையே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தவர்களைக் கண்ட உச்ச நீதிமன்றம், விரைவான விசாரணையும் 21ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்றது. இன்று, 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் பிணை கேட்பது உரிமையாகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றங்கள் நீங்கலாக, அதிகபட்ச தண்டனையில் பாதியைக் கழித்தவரையும், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவரையும் பிணையில் விட வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு கூறுகிறது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருப்பவருக்கு இது கிடைக்காது.

பிணை ஆணை கையில் இருந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் சிறையிலேயே இருப்பவர்களும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனாரை விடுவிக்க 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட நடுவர், வேறு மாவட்டத்தில் சொத்து இருக்கிறது என்று சொல்லி அவருடைய சகோதரரை ஏற்க மறுத்தார். ஏழையிடம் அத்தனை பணம் கேட்பதும், வெளியூர்க்காரர் என்று ஜாமீன்தாரரைத் தள்ளுவதும் தவறு என்று 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரத்தில் பிடிக்கப்பட்ட ஜவ்வாது மலை மக்களுக்கு, வேற்று மொழியும் அறிமுகமில்லாத ஊரும் சேர்ந்த அந்தச் சிக்கலைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

தடுப்புக் காவல் இந்தக் கட்டமைப்புக்கு வெளியே நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமலே ஒருவரை ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். 22ஆம் பிரிவு கொடுக்கும் 24 மணி நேர விதியும் வழக்கறிஞர் உரிமையும் அவருக்கு இல்லை. அறிவுரைக் குழுமத்திடம் முறையிடலாம், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அரசமைப்பே இதை அனுமதிக்கிறது. ஆனால் சாதாரண வழக்கு நடத்தித் தண்டனை பெற்றுத் தர வேண்டிய இடத்தில் இதைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்துவதை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன்.

தீர்ப்பு வந்த பிறகும் உரிமை முடிந்துவிடுவதில்லை. எம்.எச். ஹோஸ்கோட் என்ற பல்கலைக்கழக ஆசிரியருக்குப் போலிப் பட்டச் சான்றிதழ் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1973இல் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தீர்ப்பின் நகல் தன் கைக்கு வந்து சேரவில்லை என்று சொல்லி அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது 1978 ஆகிவிட்டது. தண்டனைக் காலம் முழுவதையும் அவர் சிறையில் கழித்து முடித்திருந்தார். அவருடைய மனு தள்ளுபடியானது. ஆனால் அந்த வழக்கில் எழுதப்பட்ட விதி இன்றும் எல்லாச் சிறைகளுக்கும் பொருந்தும்: சிறைத் தண்டனை விதிக்கும் நீதிமன்றம் தீர்ப்பின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், சிறை வழியாக அனுப்பப்பட்டால், அதிகாரி அதைக் கைதியிடம் சேர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு அவருடைய கையெழுத்தை வாங்கி வைக்க வேண்டும்.